டெமோவில் வந்த குரல்

அத்தியாயம் பதினாறு

கல்லடியில், வாவிக்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் நிற்கும் அந்த வீடு வதனிக்குச் சீதனமாகக் கட்டப்பட்டது. காணி உறுதியும் அவள் பெயரில்தான். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கையில் வதனி இல்லாமற் போனாள். படகுத்துறையில் அவளுடைய செருப்புகள் இரண்டும் கிடந்தன. வாவி கொண்டுபோய்விட்டது என்று ஊர் அழுதது. வவுணதீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்து அழுதார்கள். உடல் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தும் இரண்டு வருடமாகிறது.

அந்தச் செருப்புகளை விடியப்புறம் அங்கே கொண்டுபோய் வைத்தவர் தகப்பன் கோணாமலையர் என்பதைத் தொடர்ந்து வாசித்து வருகிறவர்கள் அறிவார்கள். வீட்டில் வேறு ஒருவரும் அறியார்.

மேசையில் கிடந்த கடிதத்தில் நாலு வரிதான் இருந்தது. 'நான் போறன். தேட வேண்டாம். எனக்குப் பாட வேணும். ஊருக்கு என்ன சொல்ல வேணுமோ நீங்களே சொல்லுங்க.' அவர் அதை அடுப்பில் போட்டார். நாள் குறித்தபின் வீட்டைவிட்டுப் போன பெண் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் வசை. தண்ணீரில் மாண்ட பெண் என்றால் துக்கம். கண்ணகை அம்மன் கோவிலின் வண்ணக்கர் அவர். கோவில் நிருவாகத்துக்குத் தலைவர். தன் வீட்டுக்குத் துக்கம் போதும் என்று முடிவெடுத்தார். அதைப் பிழை என்று சொல்லச் சிலர் இருப்பார்கள். அவர்களுடைய வாசலில் அந்தக் காலை விடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கச்சான் காற்று சுட்டுக்கொண்டு வீசியது. கோவில் கூட்டம் முடிந்து கோணாமலையர் திரும்பியபோது ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இயந்திரம் அடங்கியதும் அவருக்கு அது கேட்டது.

வதனி பாடிக்கொண்டிருந்தாள்.

வெயிலில் நின்றபடியே கேட்டார். கழுத்துப் பிடரியில் மயிர் எழுந்தது.

*கரை வந்த காற்றே, கதவொன்று திறவாய்...*

அவர் அறியாத பாட்டு. அறியாத மெட்டு. ஆனால் அந்த 'வாய்' முடியவில்லை. கடைசி எழுத்தைக் குரல் விடாமல் இழுத்துப் பிடித்தது. மெலிந்து நூலாகி, அறப்போகிற இடத்தில் அடுத்த வரியின் முதலெழுத்தைத் தொட்டுக்கொண்டது. பிறகு அதே போல அடுத்த வரி.

கோவிலில் வைகாசியில் அம்மன் பாட்டு வாசிக்கிற முறை அது. முன் வாசிப்பவர் மூச்செடுக்கும்போது பின்பாட்டுக்காரர் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டு அறக்கூடாது. கோவிலில் அந்த இடத்தில் பெண்பிள்ளைகள் இருப்பதில்லை. ஆனால் வீட்டில் கோணாமலையர் பழகும்போது பின்பாட்டுக்கு ஆள் இல்லாமல் ஒன்பது வயது வதனியைப் பக்கத்தில் இருத்தினார். பதினைந்து வருடம் அவள்தான் பிடித்தாள். ஆண் தொண்டையில் கனத்து வருகிற அந்த இழுப்பு ஒரு பெண் தொண்டையில் எப்படி வரும் என்பதை இந்த உலகத்தில் அந்த வீடு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

உள்ளே போனார். வதனியின் அறைக் கதவு பூட்டிக் கிடந்தது. கதவுக்கு எதிரே, நிலத்தில் சப்பாணி கட்டி அவருடைய மனைவி அன்னப்பூரணி இருந்தாள். அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கோப்பைப் பால்தேத்தண்ணி, ஆறிப்போய், ஆடை படர்ந்து இருந்தது.

"ஆர் பாடுற?" என்றார்.

"மெதுவாக் கதையுங்க. சத்தம் கேட்டா நிண்டிரும்."

"எத்தின நாளா?"

"வைகாசிச் சடங்கு முடிஞ்சு கோவில் கதவு அடைச்ச கையோட வந்தது. பகலிலதான் வரும். ஒரு இடம் மட்டும் பாடும். பிறகு முதல்ல இருந்து அதையே பாடும். அதுக்கு மேல வழி தெரியல்லபோல, பாவம்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க மந்திரிக்கிற ஆரையும் கூட்டி வந்து கட்டிப்போடுவீங்க."

பாட்டு முடிந்தது. இரண்டு நொடி ஒன்றுமில்லை. வீட்டு ஓட்டில் காற்று உரசியது. பிறகு முதலிலிருந்து, அதே மூச்சோடு, *கரை வந்த காற்றே*.

கோணாமலையர் கதவின் பிடியைத் திருகினார். திறக்கவில்லை. சாவி மகன் தனோஜனிடம்தான் இருக்கும்.

"தனோஜன் எங்க?"

"வெளிய போயிட்டான். அவன் இல்லாத நேரத்திலயும்தான் வருது."

இரண்டு வருடத்தில் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கூடியது. என்ன நிறச் சட்டை, எத்தனை மணி, தண்ணீர் எவ்வளவு ஏறியிருந்தது. போன மாரியில் ஒருநாள், கண்ணை மூடினால் வதனி படியிறங்கித் தண்ணீருக்குள் நடப்பதை அவராலேயே பார்க்க முடிந்தது. போனவளிடமிருந்து ஒரு சொல்லும் வராததால், அது நடந்தேவிட்டதோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள் என்றால், எங்கிருந்து வந்து நிற்கிறாள்?

வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அதற்குள்ளிருந்தும் அதே குரல், அதே வரி. வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று. அரை வரி முந்திப்பிந்தி இரண்டும் சேர்ந்து பாடின. அன்னப்பூரணி கைகூப்பினாள்.

ஓட்டோவின் பாட்டு நின்றது. மகன் தனோஜன் இறங்கி வந்தான். தகப்பனைக் கண்டதும் நடை தளர்ந்தது.

"கதவத் திற," என்றார் கோணாமலையர்.

திறந்தான். வதனியின் கட்டில் இருந்த இடத்தில் மேசை. சுவரெல்லாம் பழைய மெத்தையும் போர்வையும் ஆணியடித்துத் தொங்கின. நடுவில் ஒலிவாங்கி. மடிக்கணினி ஒன்று, கிடந்தபடியே பாடிக்கொண்டிருந்தது. தனோஜன் ஒரு விசையைத் தட்டினான். குரல் சொல்லின் நடுவில் அறுந்தது. அன்னப்பூரணி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"ஓடவிட்டுட்டுப் போனனான் அப்பா. டெமோவ இங்க ஒருக்கா, ஓட்டோ ஸ்பீக்கர்ல ஒருக்காக் கேட்டுப் பாக்கிறது. ஓட்டோவில குரல் தெளிவா நிண்டாத்தான் தேறும்."

"ஓட்டோக்காரனுக்கு என்ட மகள்ட குரலப் போட்டுக் காட்டிறியா?"

தனோஜன் மடிக்கணினியை மூடினான்.

"பழசில எப்ப பதிஞ்சு வெச்ச?"

"பழசில்ல அப்பா."

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். கொழும்பில் ஓர் இசைக் கம்பனி, பேர்பெற்ற பாடகி ஒருத்தியின் புதிய தொகுப்புக்குப் பாட்டுக் கேட்டு அறிவித்திருந்தது. தனோஜன் ஏற்கனவே ஆறு பாட்டு அனுப்பி ஒன்றுக்கும் மறுமொழி வராதவன். பாட்டு பெண்ணுக்கு, பாடி அனுப்புவது ஆணின் தொண்டை. கேட்கிறவர்களுக்குப் பிடிபடவில்லை என்று நினைத்தான். ஏழாவது பாட்டை முதலில் தானே 'தன்னன்னா' என்று மெட்டுக்கு முனகி, பிறகு சொற்களைப் பொருத்தி, இணையத்தில் டெமோவுக்குப் பாடிக் கொடுக்கிற ஒருத்திக்கு அனுப்பினான். முகம் இல்லை. ஊர் இல்லை. நாலு மணித்தியாலத்தில் வெறும் குரல் மட்டும், வாத்தியம் எதுவுமில்லாமல், திரும்பி வந்தது.

"ஹெட்போன்ல கேட்ட உடன கழட்டி வீசிட்டன். பிறகு யோசிச்சன், ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இரிப்பாங்கதானே எண்டு. உங்கட பேர் என்ன, போட வேணும் எண்டு எழுதினன். உங்களுக்கு விருப்பமான பேரைப் போடுங்க எண்டு மறுமொழி வந்தது."

"என்ன பேர் போட்ட?"

"அக்காட பேர். முதல் பாட்டு வெளிய போனா அவட பேர்ல போகட்டும் எண்டு. நம்மட வயல் வட்டையில முதல் கதிர அறுத்து மாண்டவங்களுக்கு வெக்கிறல்லையா, அப்பிடி."

கோணாமலையர் கதிரையில் அமர்ந்தார். பையனின் நோக்கத்தில் குற்றம் காண அவரால் முடியவில்லை. அதுதான் அவரை அடித்தது.

மேசையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது.

"அந்தக் கம்பனிதான்," என்றான் தனோஜன். "காலையில இருந்து எடுக்கிறாங்க. வீட்டில பெரியவர் இரிக்கிற நேரம் கதைக்க வேணுமாம்."

ஒலிபெருக்கியில் போட்டான். ஒரு பெண்ணின் குரல், விரைவும் மரியாதையுமாக வந்தது.

"வணக்கம் ஐயா. நான் றிஸானா. ஏறாவூர்தான் எங்கட ஊர். இஞ்ச கம்பனியில பாட்டுத் தெரிவு செய்யிற வேலை."

"சொல்லுங்க பிள்ள."

"ஒரு நாளைக்கு எழுபது எண்பது டெமோ வரும் ஐயா. முப்பது செக்கனுக்கு மேல ஒண்டையும் கேக்கிறல்ல. உங்கட மகன்ட பாட்ட முழுசாக் கேட்டன். தம்பி கோவிக்கக்கூடாது, பாட்டுக்காகக் கேக்கல்ல. குரலுக்காகக் கேட்டன்."

தனோஜன் லேசாகச் சிரித்தான்.

"எங்கட பாடகிக்குக் குடுத்தம். மூணு நாள் பாடிப் பாத்தா. வரியின்ட முடிவ இப்பிடிப் பிடிக்க என்னால ஏலா, அந்தப் பிள்ளையையே விடுங்க எண்டுட்டா. அதால டெமோக் குரலையே வெச்சு வெளியிடப் போறம். பாடினவங்கட சம்மதம் எழுத்தில வேணும். தம்பி அனுப்பின மெயிலுக்குக் கீழ அவங்கட முகவரி கிடந்தது. நானே எழுதினன். நேத்து மறுமொழி வந்தது."

"என்ன மறுமொழி?" என்றான் தனோஜன்.

"வாசிக்கிறன். 'கையொப்பம் வைக்கிறேன். ஒரு நிபந்தனை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் தகப்பனார், வண்ணக்கர் கோணாமலை, தன் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டும்.' இவ்வளவுதான் ஐயா. ஏதும் குடும்பப் பகிடியா எண்டு எனக்கு விளங்கல்ல. நாலு மணிக்குப் பட்டியல் மூடுறம். அதுக்கு முதல் நீங்க ஒரு வார்த்தை..."

"என்ட மகள் செத்து ரெண்டு வருசம்," என்றார் கோணாமலையர். "இது ஆரோ விளையாடுற." கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தார்.

போர்வைகள் தொங்கும் சுவர்களுக்குள் ஒரு சொல்லும் எதிரொலிக்கவில்லை; பேசியது பேசிய இடத்திலேயே விழுந்து கிடந்தது.

"நான் அனுப்பின தாளில வதனி எண்டு மட்டும்தான் போட்டன்," என்றான் தனோஜன் மெல்ல. "உங்கட பேர் போடல்ல. வண்ணக்கர் எண்டு போடல்ல."

"ஊருக்குத் தெரிஞ்ச பேர்தானே."

"கோவில்ல ஒரு பொருள் காணாமப் போனா, ஆளை அம்மனுக்கு முன்னால நிப்பாட்டிச் சத்தியம் வாங்கிற ஆள் நீங்க. இப்ப என்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க அப்பா. அக்கா தண்ணிக்க இறங்கினத நீங்க கண்டீங்களா?"

"செருப்பக் கண்டன்."

"செருப்ப ஊரே கண்டது. நான் அக்காவக் கேட்டன்."

கோணாமலையர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கிணற்றடியில் முகம் கழுவினார். அன்னப்பூரணி அங்கே சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வார்க்க வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

"பயந்திட்டீங்க," என்றாள்.

"ஒண்டுமில்ல. பொடியன்ட மெஷின்ல வாற சத்தம்."

"எதில வந்தா என்ன. அவட குரல் எனக்குத் தெரியாதா? நான் பெத்த புள்ள." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "எல்லாம் முறையாத்தான் செஞ்சம். முப்பத்தொண்டு செஞ்சம். ஆண்டு செஞ்சம். அப்பிடியும் போகல்லயெண்டா, ஆரோ ஒருத்தர்ட வாயில இருந்து ஒரு சொல்லுக்குக் காத்து நிக்குது. நான் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிப் பாத்திட்டன். நீங்க ஒரு நாளும் அந்தக் கதவடிக்கு வந்து ஒண்டும் சொல்லல்ல."

"நான் என்ன சொல்ல?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? உங்களுக்கும் அவவுக்கும் இடையில கிடக்கிறதெண்டா நீங்கதான் சொல்ல வேணும். சொல்லி அனுப்பிவிடுங்க. புள்ள எத்தின நாளைக்கெண்டு வெயிலுக்க நிண்டு பாடும்?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அரிசி முடிந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். கோணாமலையர் ஈரக் கையோடு நின்றார். இந்தப் பெண்ணைப் பூட்டிய கதவுக்கு முன்னால் இருத்தி வைத்தவர் யார் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடும்பத்தின் பெயரைச் சொல்லியிருப்பார்.

பெயர் இன்னும் இருந்தது. வவுணதீவு மாப்பிள்ளை வீட்டார் தெருவில் கண்டால் சால்வையை எடுத்து மரியாதை செய்தார்கள். ஒரு சொல் சொன்னால் நாளைக்கு அந்த முகங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். வைகாசியில் அம்மன் பாட்டு ஏட்டைத் தொட இந்தக் கைக்குத் தகுதி இருக்கிறதா என்று கோவிலுக்குரிய குடியார் கூடிக் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு; அவர்கள் இடத்தில் தான் இருந்தால் முதலில் கேட்கிறவர் அவராகத்தான் இருப்பார். சொல்லாவிட்டால்? பாட்டு கைவிட்டுப் போகும். மகனுக்கு இன்னொரு தடவை இப்படி ஒரு கதவு திறக்காமலே போகலாம். மகள் இரண்டாம் தரமும் சாவாள், இந்த முறை அவர் வாயால், கொழும்பில், சாட்சியோடு.

மூன்று ஐம்பதுக்கு அறைக்குள் வந்தார். சால்வையைத் தோளில் ஒழுங்காகப் போட்டிருந்தார்.

"கதவ உள்ளால பூட்டு," என்றார். "கொம்மாவுக்குக் கேக்கக்கூடாது."

தனோஜன் தாழ்ப்பாளை இட்டான். அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள் றிஸானா.

"ஐயா, நான் அவங்களுக்கு எழுதிட்டன், நீங்க மறுத்துட்டீங்க எண்டு. அவங்க அதுக்கு, நாலு மணி வரைக்கும் லைன்ல நிக்கிறன் எண்டு எழுதினாங்க. இப்ப மூணாவது ஆளா நிக்கிறாங்க. கதைக்கமாட்டாங்களாம். கேக்கிறதுக்கு மட்டும்தானாம்."

திரையில் மூன்று வட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் றிஸானாவின் படம். ஒன்றில் தனோஜனுடையது. மூன்றாவது வெறுமையாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சுக்கூட இல்லை. ஆனால் அங்கே யாரோ நிற்கிறார்கள் என்பது, இருட்டறையில் ஆள் நிற்பது தெரிவது போலத் தெரிந்தது.

கோணாமலையர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கோவிலில் ஏடு பிரிக்கும்போது இருக்கிற இருப்பு. தொண்டையைச் செருமினார். வரவில்லை. இன்னொரு தடவை செருமினார்.

"நான் கோணாமலை. வண்ணக்கர்." நிறுத்தினார். "என்ட மகள் வதனி..."

காற்று வெளியே எதையோ உருட்டிக்கொண்டு போனது.

"என்ட மகள் வதனி தண்ணியில போகல்ல. வீட்ட விட்டுப் போனவ. எனக்குக் கடிதம் எழுதி வெச்சிட்டுத்தான் போனவ. செருப்பக் கொண்டுபோய் வெச்சது நான். அவ உசிரோட இரிக்கிறா."

தனோஜன் சுவரோடு சாய்ந்தான். போர்வையொன்று அவன் தோள் பட்டு ஆணியிலிருந்து கழன்று விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"நன்றி ஐயா," என்றாள் றிஸானா. அவள் குரலில் விரைவு போயிருந்தது. "எனக்கு... எனக்கு இது போதும். அவங்களுக்குப் போதுமா எண்டு..."

சாம்பல் வட்டம் ஒருமுறை துடித்தது. முதலில் ஒரு மூச்சு. பிறகு, பாட்டு இல்லாமல், சாதாரணமாக, களைத்த ஒரு பெண்ணின் பேச்சுக் குரல்.

"இன்னொருக்காச் சொல்லுங்க அப்பா. அம்மாவுக்குக் கேக்கிற மாதிரி."

தனோஜன் தகப்பனைப் பார்த்தான். கோணாமலையர் அவனைப் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், நிலத்தில் ஒரு சேலை உரசி அமர்கிற சத்தம் கேட்டது.

அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், தாழ்ப்பாளைத் தன் கையாலேயே நீக்கினார்.